மஞ்சள் விளக்கை அணைத்தவர்கள்

எங்கள் மணல்குடியில் ஒரு கார் இருந்தது, அதற்குச் சக்கரம் கிடையாது, இன்ஜின் கிடையாது, ஞானசிகாமணியின் ஒர்க்ஷாப்பில் நாலு மூலைக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள், ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் பெயர் சிதம்பரவடிவு, அந்த ஒர்க்ஷாப்புக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன், அந்தக் காரின் பின் சீட்டில் என் ஒரே மகள் பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள், நிறைமாத வயிற்றோடு, வலி எடுத்த பிறகு. அதனால் அந்தக் காரைப் பற்றிப் பேச இந்த ஊரில் வேறு எவனுக்கும் இல்லாத உரிமை எனக்கு உண்டு.

அது பெருமழை பெய்த வருஷம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, ஆடு மாடு மிதந்தது, தெரு எது ஓடை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செம்மண் தண்ணீராகக் கிடந்தது. என் மகளுக்கு வலி கண்ட அன்று காலையில்தான் டாக்ஸி ஓட்டுகிற ஐகோர்ட்துரை தன்னுடைய வெள்ளைக் காரை ஞானத்திடம் கொண்டுவந்தான். ஸ்டீயரிங்குக்கு முன்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு இருக்குமே, அது எரிந்துகொண்டிருந்தது. ஞானம், வண்டிக்கு என்ன கோளாறு என்று திரையில் காட்டும் ஸ்கேனரை எடுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் வயரைச் சொருகிப் பார்த்தான்.

"என்னவாம் அண்ணாச்சி?" என்று கேட்டான் துரை.

"ஏதோ எரர் காட்டுது. மழை ஈரம்தான், வேற என்ன. அழிச்சு விடுதேன், ஓட்டு. திரும்ப வந்தா பாப்போம்."

ஞானம் கெட்ட மெக்கானிக் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவனை அப்படிப் பழக்கி வைத்திருந்தோம். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஏன் எரிகிறது என்று இங்கே எவனும் கேட்க மாட்டான், அதை அணைத்துக் கொடு என்றுதான் கேட்பான். கழற்றிப் பார்க்கணும், நாளாகும் என்று ஞானம் சொன்னால் முகம் சுளிப்பார்கள், பொத்தானை அமுக்கி அழித்துக் கொடுத்தால் கைராசிக்காரன் என்பார்கள். அழித்தால் விளக்கு அணையும், ஆள் சிரித்த முகத்தோடு போவான், சில நாள் கழித்து அதே விளக்கோடு வருவான், ஞானம் மறுபடியும் அழிப்பான். இப்படித்தான் எங்கள் ஊரில் எல்லா வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சக்திக்கு வலி கண்டது. அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் வீட்டில், நான் இந்தப் பக்கம் கடையில், நடுவில் ஆள் உயரத் தண்ணீர். துரைக்குப் போன் போட்டேன். தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே அக்கரைக்குப் போயிருந்தவன், வாசலுக்கே போய் அவளை ஏற்றிக்கொண்டான். "அம்மா, நீ தண்ணிக்குள்ள எறங்காத, அங்கயே நில்லு, துரை அண்ணன் கொண்டுபோய் விட்டுருவாவ, ஆஸ்பத்திரி போனதும் போன் பண்ணுதேன்" என்றாள். நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்தாள், அது போனில் கேட்டது. அக்கரையில் கார் விளக்கு ரெண்டும் மழைக்குள் மங்கலாகப் போவதை நின்று பார்த்தேன். கால்வாய்ப் பாலம் தாண்டினால் ஆஸ்பத்திரி. போன் வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, அந்தக் கால்வாய் போய்ச் சேருகிற பெரிய குளத்தில் கார் கிடைத்தது. நாலு கதவும் சாத்தியிருந்தது, நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. வலை போட்டுத் தேடினார்கள், முள்ளுக்காட்டுக்குள் தேடினார்கள், ஆறு கடலில் சேருகிற இடம் வரை ஆள் போனது. போலீஸ்காரர் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். செத்தார்கள் என்று சொல்ல உடம்பு இல்லை, இருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். துரையின் பெண்டாட்டி தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

காரை ஞானத்தின் ஒர்க்ஷாப்புக்குத்தான் இழுத்து வந்தார்கள். இன்ஜினுக்குள் சேறு புகுந்து இறுகிக் கிடந்தது, அதைக் கழற்றிச் சாக்கு விரித்து மூலையில் போட்டான். சக்கரத்தையும் கழற்றிவிட்டான். இன்சூரன்சுக்காரன் வண்டியில் என்னென்ன எரர் இருந்தது என்று கேட்டிருந்தானாம், அதற்காக வெளியிலிருந்து ஒரு பேட்டரியைக் கொடுத்து ஸ்கேனரைச் சொருகினான். சொருகியவன் திரையை உற்றுப் பார்த்தான். பிறகு ஸ்கேனரைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற ஒரு வேனில் சொருகிப் பார்த்தான், மறுபடி இதில் சொருகினான்.

"மதினி, ஒரு டீ எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிட்டான். "ரெண்டா எடுத்துட்டு வாங்க. ஒண்ணு ஒங்களுக்கு."

போனேன். திரையைக் காட்டினான்.

"நாப்பத்தாறுல போகுது" என்றான்.

"எது?"

"கார்தான்."

"இன்ஜின் எங்கல?"

"அந்தா, மூலையில கெடக்கு."

திரும்பிப் பார்த்தேன், கிடந்தது. "எந்த ரோட்டுல போகுது?" என்று கேட்டேன்.

"அதை இது காட்டாது மதினி. வேகம் காட்டும், சூடு காட்டும், எரர் வந்தா காட்டும். அவ்வளவுதான்."

புஷ்பத்துக்கு ஆள் அனுப்பினோம். சாம்பார்க் கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள். திரையைக் குனிந்து பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "அவருதான்" என்றாள். "வண்டியில பொம்பளை ஆளு இருந்தா அதுக்கு மேல மிதிக்க மாட்டாரு."

அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. இருக்கிறார்கள், வழியில் இருக்கிறார்கள். எங்களுக்கு அது போதும்.

ஊர் அந்தக் காருக்குப் பழகிக்கொண்டதைத்தான் சொல்ல வேண்டும். பஞ்சாயத்தில் பேசி ஒர்க்ஷாப்புக்குத் தனியாக ஒரு கரண்ட் இணைப்புக் கொடுத்தார்கள், ஸ்கேனர் அணையவே கூடாது என்று, காருக்கு மேலே தகரக் கூரை போட்டார்கள், கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகையைக் காரின் முன்கண்ணாடியில் சொருகிவிட்டுத்தான் மற்ற வீட்டுக்குப் போனார்கள், செவ்வாய் வெள்ளியில் மாலை போட்டார்கள், சூடம் காட்ட வந்தவளை மட்டும் ஞானம் "பெட்ரோல் கெடக்கிற எடத்துல சூடமா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்று விரட்டிவிட்டான். வழியில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது நின்றுபோய், "எவ்வளவு போகுது?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது, நாற்பது என்று கேட்டால் மனசாறிப் போவார்கள், இருபது என்று கேட்டால் முகம் வாடிப் போவார்கள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயின.

அந்தக் காருக்கு நேரம் நம்மைப் போல ஓடவில்லை. நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்க ஒரு பகல் பிடிக்கும். ஐந்துக்கு இறங்கி, ஒரு வாரம் ஐந்திலேயே நின்று, பிறகு மெல்ல ஏறும். திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் மாசானமுத்து டீ குடிக்க வரும்போதெல்லாம், "வேகத்தடை ஏறுதாவ மதினி, அதான் மெதுவா போகுது, வேற ஒண்ணுமில்ல" என்று எனக்குத் தைரியம் சொல்லுவான். எந்த ரோடு என்பதில்தான் அடிதடி. தூத்துக்குடி பைபாஸ் என்பான் ஒருத்தன், அங்கே இவ்வளவு வேகத்தடை ஏது என்பான் இன்னொருத்தன், குற்றாலம் ரோடு என்று ஒருத்தன் சத்தியம் பண்ணுவான். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எந்த ரோடாக இருந்தால் என்ன, என் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறாள்.

மருமகன் மஸ்கட்டிலிருந்து தினமும் போன் பண்ணுவார். "அத்தை, இப்ப எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார், சொல்லுவேன், "சரி அத்தை" என்று வைத்துவிடுவார். பிறகு வாரம் ஒரு தடவை ஆனது. பிறகு மாசம் ஒரு தடவை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், எண்ணோடு எத்தனை நாள்தான் ஒருத்தர் குடும்பம் நடத்துவார்.

முதல் தடவை மஞ்சள் விளக்கு எரிந்தது அதற்கு நடுவில்தான். செத்த காரில், சேறு காய்ந்த கண்ணாடிக்குப் பின்னால், பட்டென்று எரிந்தது. இன்ஜின் திணறுகிறது என்று ஸ்கேனர் காட்டியது. வேகம் எட்டு, ஆறு, நாலு என்று இறங்கியது.

"தண்ணி புகுந்திருக்கு" என்றான் ஞானம். "இன்ஜின் நிக்கப் போகுது."

"நின்னா?" என்று கேட்டேன். அவன் பெரிய குளத்தின் பக்கம் பார்த்தான்.

புஷ்பம் வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். "அழிங்க அண்ணாச்சி! அந்த எழவை அழிச்சு விடுங்க!"

ஞானம் அமுக்கினான். ஸ்கேனர் இங்கிலீஷில் என்னமோ கேட்டது, எல்லா விவரமும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்கிறதாம், அது எப்போதும் கேட்பதுதான் என்று சொல்லிக்கொண்டே சம்மதம் என்பதை அமுக்கினான். விளக்கு அணைந்தது. திரையில் எண்ணெல்லாம் போய்க் கோடு கோடாக நின்றது. மூன்று பேரும் திரையை முட்டிக்கொண்டு நின்றோம். பிறகு வேகம் வந்தது, ஒன்று, இரண்டு, ஐந்து, அந்திக்குள் பன்னிரண்டு. ஊரே வந்து கூடியது. நான் கடையில் இருந்த சர்க்கரையை எல்லாம் அள்ளிக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டார்கள் என்று புஷ்பம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், அந்த மழைக்குப் பிறகு நாங்கள் சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அதிலிருந்து அதுவே எங்கள் வேலையானது. விளக்கு எரியும், அழிப்போம், கார் மறுபடி ஓடும், ஒரு அமாவாசைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எப்போதாவது மறுபடி எரியும், மறுபடி அழிப்போம். ஒரு தடவை புஷ்பம் அமுக்குவாள், ஒரு தடவை நான் அமுக்குவேன். விளக்கு எரிந்த செய்தி கேட்டதும் வயலில் நிற்கிறவர்கள் கூடக் கை கால் கழுவிக்கொண்டு வருவார்கள், அமுக்கும்போது எல்லாரும் வாய்க்குள் அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் அது, அதை வைத்து ரெண்டு உயிரை, இல்லை, மூன்று உயிரைத் தண்ணீருக்கு வெளியே பிடித்து வைத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. வருஷம் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

நான் பால் காய்ச்சுகிறவள். எனக்குச் சூடு தெரியும், ஆறுவது தெரியும். ஒரு தடவை நான் அமுக்கிவிட்டு நிற்கும்போது புஷ்பம் திரையைப் பார்த்துச் சூட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள், முப்பது, முப்பத்தொண்ணு என்று. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்லுவாள், ஒவ்வொரு தடவையும் அது ஒரு நாள் முழுக்க மெல்ல ஏறித் தொண்ணூறில் நிற்கும். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"ஏல ஞானம்" என்றேன். "அடுப்புல இருந்து இறக்காத பால் ஆறுமா?"

"என்ன மதினி கேக்கிய?"

"கார் ஓடிக்கிட்டுத்தான இருக்கு? நாம அழிக்கிறப்போ இன்ஜின் கொதிச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு? அப்புறம் ஏன் பச்சைத்தண்ணியா இருந்து சூடாகுது?"

ஞானம் தலையைச் சொறிந்தான். "அழிச்சா எல்லாம் முதல்ல இருந்துதான் மதினி. அது எல்லா வண்டிக்கும் உள்ளது. வண்டி படிச்சு வச்சதெல்லாம் போயிரும், ஆரம்பத்துல இருந்து ஓடித்தான் அது திரும்பப் படிக்கணும்."

"ஆரம்பம்னா எங்க இருந்து?"

அவன் திரையைப் பார்த்தான், அக்கரையைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் அவன் வாயால் சொல்லவில்லை, நானும் என் வாயால் சொல்லவில்லை, ரெண்டு பேரும் போய் அவரவர் வேலையைப் பார்த்தோம். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்தான், வேறு என்ன.

அடுத்த தடவை விளக்கு எரிந்தபோது புஷ்பத்தின் முறை. நான் ஓடி வருவதற்குள் அமுக்கிவிட்டாள். "ஞானம்," என்றேன், "அதுல கதவெல்லாம் காட்டுமா? திறந்திருக்கு, சாத்தியிருக்குன்னு?" காட்டும் என்றான், அதற்குத் தனிப் பக்கம் உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை என்றான். "அந்தப் பக்கத்தைப் போடு" என்றேன்.

போட்டான். நாலு கதவும் சாத்தியிருந்தது. கார் சாயங்காலம் வரை மெல்ல ஊர்ந்தது, பிறகு நின்றது. மறுநாள் காலையில் இடது பக்கப் பின் கதவு திறந்தது என்று காட்டியது. ஒரு முற்பகல் முழுக்கத் திறந்தே இருந்தது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறுகிறவளுக்கு நேரம் ஆகும் இல்லையா. பிறகு சாத்தியது. கார் புறப்பட்டது.

என் வீட்டு வாசல் அது. என் மகள் ஏறுகிறாள். இத்தனை காலமும் பாலத்து முனை வரை போன பிள்ளையை, ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டு, மறுபடி ஏறு என்று சொல்லியிருக்கிறோம். அந்த வலியோடு. ரெண்டு வருஷத்துக்கு மேலாக என் பிள்ளைக்குப் பிரசவ வலி. நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு நாள் வரக் கூடாது.

"இனி யாரும் அழிக்கக் கூடாது" என்றேன்.

ஊர் கொதித்துப் போனது. ஒர்க்ஷாப் முன்னால் கூட்டம் கூடி, ஆளுக்கு ஆள் பேசினார்கள். "அழிக்காட்டி அடுத்து என்ன? தண்ணிதான? தெரிஞ்சே தண்ணிக்குள்ள தள்ளச் சொல்லுதியளா மதினி?" என்று மாசானமுத்து கேட்டான். "ஓடட்டுமே, ஓடுற வரைக்கும் இருக்காவல்லா" என்றார்கள். கூட்டத்தில் ஒருத்தி, "பெத்த தாயா இவ?" என்றாள்.

"பெத்ததனாலதான்டி சொல்லுதேன்" என்றேன். "ஒனக்கு வலி எடுத்தப்போ பாதியில நிப்பாட்டி, நாளைக்கு வா, நாளான்னைக்கு வான்னு ரெண்டு வருஷம் சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

ஆனாலும் யாரும் என் பக்கம் வரவில்லை. புஷ்பம் ஸ்கேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் என் கடைப்பக்கம் வரவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடத்துச் சோற்றை இறக்கி வைத்ததும் வந்து காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொத்தானுக்குக் காவல் இருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, கோபம் வந்த வேகத்தில் இரக்கமும் வந்தது. அவளுக்குப் புருஷன் என்பது அந்த நாற்பத்தாறுதான். அதை விடு என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த நாற்பத்தாறுக்குப் பின் சீட்டில் என் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாளே.

அந்த மாசக் கடைசியில் ஒரு நாள், பஸ் எல்லாம் போய்க் கடை காலியாக இருந்த நேரத்தில், புஷ்பம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை.

"யக்கா, சக்தி ஒங்களுக்கு எப்படிப் பொறந்தா?"

"ஒரு பகல் ஒரு ராத்திரி வலி."

"எனக்கு மூத்தவன் ரெண்டு பகல்." டம்ளர் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அவரு வெளிய நிக்காரு. நான் உள்ள கெடந்து அவரை, அவங்க அம்மையை, எல்லாரையும் ஏசுதேன். கொன்னு போட்டாலும் சரி, இது முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. ரெண்டு பகலுக்கே."

நான் அடுப்பைத் தணித்தேன்.

"அவருக்கும் காது இருக்குல்லா" என்றாள். "பின்னால இருந்து அந்தப் பிள்ளை கத்துறதைக் கேட்டுக்கிட்டேல்லா இருந்திருப்பாரு, இத்தனை நாளும்." எழுந்து போய்விட்டாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு விளக்கு எரிந்தது ஒரு முற்பகலில், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது. அழிக்கிறவள் யார், அழிக்க விடாதவள் யார் என்று பார்க்கத்தான் ஊர் கூடியது. புஷ்பம் ஸ்கேனரை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு தன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எட்டு. ஆறு. நாலு. சூடு தொண்ணூறிலிருந்து இறங்கத் தொடங்கியது, எழுபது, ஐம்பது. "தண்ணி ஏறுது" என்றான் ஞானம், சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். நாட்கள் அப்படியே போயின. ஊரில் யாரும் யாரையும் எவ்வளவு என்று கேட்கவில்லை, ஒரு வீட்டிலும் விசேஷம் வைக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வேறு ஒருத்தி போய்ச் சோறு வடித்தாள். நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன், மூடிவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று. இரண்டு. ஒரு முழு நாள், ஒன்று. புஷ்பத்தின் கை வெளியே வரும், மறுபடி தொடைக்கு அடியில் போகும். பொத்தானை நானே போய் அமுக்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, பயம் என்ன பயம், ஒரு தடவை எழுந்தே விட்டேன், புஷ்பம்தான் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு இரண்டு வந்தது. மூன்று வந்தது. சூடு அறுபது என்றது, எழுபது என்றது.

"ஏறிட்டான்!" என்று மாசானமுத்து கத்தினான். "பாலத்துல ஏறிட்டான்!"

யாரும் கை தட்டவில்லை. அந்த இடத்துக்கு மேல் அந்தக் கார் போனதை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருபது, நாற்பது, நாற்பத்தாறையும் தாண்டி அறுபது, எழுபது என்று ஏறியது, மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது, இன்ஜின் திணறிக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு மிதிக்க மாட்டாரே" என்றாள் புஷ்பம்.

எனக்குத் தெரிந்தது. சக்தி கத்துகிறாள். இனித் தாங்காது என்று துரைக்குத் தெரிந்துவிட்டது. நான் காரின் பின் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இந்தா வந்துட்டு மக்கா, இந்தா வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மத்தியானம் வேகம் சரிந்து பூஜ்யத்துக்கு வந்தது. இன்ஜின் நின்றது. ஞானம் கதவுப் பக்கத்தைப் போட்டான். டிரைவர் கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் இடது பக்கப் பின் கதவு திறந்தது. துரை சுற்றி வந்து திறந்துவிட்டிருக்க வேண்டும், அப்படித்தான் செய்வான், பெண்பிள்ளைகளைக் கதவைத் திறக்க விடமாட்டான். ரெண்டு கதவும் திறந்தபடி இருந்தது, திறந்தபடியே இருந்தது, பிறகு திரை வெறுமையானது. மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது.

எங்கள் முன்னால் நின்ற காரின் கதவுகள் சாத்தியபடிதான் இருந்தன. நான் எழுந்து பின் கதவைத் திறந்தேன். குளத்திலிருந்து வந்த நாளிலிருந்து காய்ந்து வெடித்துக் கிடந்த சீட்டு நனைந்திருந்தது. கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. குளத்துத் தண்ணீர் அப்படி இருக்காது, மழைத் தண்ணீர் அப்படி இருக்காது. பனிக்குடம் உடைந்த தண்ணீர் எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா?

புஷ்பம் முன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டைத் தடவிப் பார்த்தாள், சீட்டின் முதுகைத் தடவினாள், ஸ்டீயரிங்கைத் தடவினாள். எல்லாம் காய்ந்து, ஆறிக் கிடந்தது. அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். பின்பக்கம் வந்து, என் ஈரக் கையைப் பிடித்துப் பார்த்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுட்டாரு" என்றாள். பிறகு கேட்டாள். "யக்கா, என்ன பிள்ளை?"

அதுவரை வைத்திருந்த என் தைரியம் எல்லாம் அந்தக் கேள்வியில் போய்விட்டது. "ஏல ஞானம்" என்று கத்தினேன், "ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுச் சொல்லுல, அது மட்டும் போதும்ல எனக்கு." ஞானம் அழுதுகொண்டே வயரைப் பிடுங்கிச் சொருகினான், பேட்டரியை மாற்றினான், ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பார்த்தான். வண்டி எதுவும் இணைக்கப்படவில்லை என்றுதான் காட்டியது.